ஓரணாச் சோறு

சென்னையில் தியாகராய நகரை அறியாதார் இலர். பனகல் பூங்காவும் பாண்டி பசாரும் ரங்கநாதன் தெருவின் நெரிசலும் அதன் பெயரைக் கேட்டவுடன் கண்முன் தோன்றும். ஆயின், ஏரி நிலத்தைத் திருத்தி 1920களில் எழுப்பிய அந்நகருக்குத் தம் பெயரை ஈந்த பிட்டி தியாகராயச் செட்டியாரை நினைப்பவர் சிலரே. அவர் வாழ்ந்ததோ வட சென்னையில். ஈடுபட்டதோ நெசவுத் தொழிலில். மாநகராட்சி மன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், 1920ஆம் ஆண்டில் அதன் தலைவரானார்.

அக்காலத்தில் மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்றோர் பெரும்பாலும் ஏழைச் சிறுவர்களே. ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் வருகை குறைவாக இருந்தது. பசித்த வயிற்றோடு பாடம் கேட்க யாரால் இயலும்? சம்பளம் வாங்காத பள்ளியாயினும், சோறில்லாத பிள்ளைக்கு அது எட்டாத பள்ளிதான். இதனை உணர்ந்த தியாகராயர், அப்பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு அளித்தல் வேண்டும் என்று மன்றத்தில் எடுத்துரைத்தார். 1920 செப்டம்பரில் மன்றம் அதற்கு இசைந்தது. நாளொன்றுக்கு ஒரு மாணவனுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. மாணவர்களே, பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை நினைவிற் கொள்க.

இவ்வெண்ணம் மேலைநாட்டிலும் அக்காலத்தில் தோன்றியதே. இங்கிலாந்தில், ஊராட்சி மன்றங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க 1906ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. கம்பளி ஆலைகள் மிகுந்த பிராட்போர்டு நகரில், மறு ஆண்டு, சில ஏழைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவளித்து அவர்களை நிறுத்துப் பார்த்தனர். எடை ஏறியது. இடையில் விடுமுறை வந்து உணவு நின்றது, எடையும் இறங்கிற்று. பசியைத் தராசே சான்றாகக் காட்டிவிட்டது!

சென்னையில் சான்று கூறியது வருகைப் பதிவேடு. மேலும் நான்கு பள்ளிகளுக்கு உணவு விரிவாக்கப்பட்டது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆகப் பெருகியது. எனினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் கூடாது என ஆங்கில அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரலில் அடுப்பு அணைந்தது. அம்மாத இறுதியிலேயே தியாகராயரும் மறைந்தார். கல்விக்கென ஒதுக்கிய பணத்தைப் பிள்ளைகளின் பசிக்குச் செலவிடலாகாது என்று வாதிட்டோர், பசித்த பிள்ளையைக் கண்டதில்லை போலும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அடுப்பு மீண்டும் எரிந்தது. பின்னர், தியாகராய நகரின் திருமலைப்பிள்ளை சாலையில் வாழ்ந்த முதலமைச்சர் காமராசர், 1956ஆம் ஆண்டில் நண்பகல் உணவை மாநிலமெங்கும் பரவச் செய்தார். பொதுமக்களும் நெல்லும் பருப்பும் காய்கறியும் தந்து உதவினர். 1982இல் ம. கோ. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கப்படுகின்றது.