கறித்தூள் பேணிக்குள் சங்கிலி

கோடை விடுமுறை நெருங்கினால் ஒஸ்லோத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இந்த முறை காரிலா, பூபீலிலா? நோர்வே மொழியில் 'பூ' என்றால் குடியிருத்தல், 'பீல்' என்றால் கார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி. எண்பதுகளில் மீன் ஆலைகளில் வேலை செய்த பின்மார்க் ஊர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று அதில் வடக்கே போகிறவர்கள் உண்டு. தெற்கே கீல் கப்பலேறி ஜெர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய், அப்படியே பாரிஸ் லா சப்பல் கடைத்தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர்களும் உண்டு.

நோர்வேக்காரரின் பூபீலில் இருக்கும் பெறுமதியான சாமான் பெரும்பாலும் சைக்கிளும் தூண்டிலும்தான். நாங்கள் போவது தேருக்கு, இல்லாவிட்டால் யாருடையவோ கலியாணத்துக்கு. கொடியும் காப்பும் அட்டியலும் கூடவே வந்துவிடும். அந்த வண்டியோ சக்கரத்தில் ஏற்றிய பிளாஸ்டிக் பெட்டி. பல வருடம் ஓடி, சிலதைப் பட்டும் சிலதைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலில் நகையைக் குறையுங்கள். தேருக்கு ஒரு செட் போதும். ஐந்து நாளுக்கு ஐந்து அட்டியல் என்று கணக்குப் போடுவதற்குக் கலியாண வீடு இருக்கிறது. மிச்சத்தை வீட்டில் விட்டுப் போவதும் எளிதல்ல என்பது தெரியும். நோர்வேயில் வங்கிகள் பல, பெட்டக வசதியைக் கைவிட்டுவிட்டன. விடுமுறைக்குப் போகாத ஒரு சகோதரமோ மச்சானோ இருந்தால் அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கொண்டு போகிற ஒவ்வொரு நகையையும் படம் எடுங்கள். வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலும் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், கொளுக்கி, முத்திரை என்று தனித்தனியாக எடுங்கள். எத்தனை பவுண் என்று எழுதி வையுங்கள். பவுணுக்கு 8 கிராம். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் செய்வித்த கொடிக்குக் கையால் எழுதிய துண்டுதான் ரசீது என்றால், மை அழியுமுன் அதையும் படம் எடுத்து வையுங்கள். காப்புறுதிக்காரருக்கு அது வேண்டும். திரும்பி வரும்போது சுங்கத்தில் யாராவது, "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டாலும் அதுதான் கைகொடுக்கும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிற நாடு. எல்லையில் 25,000 குரோனருக்கு மேல் ரொக்கம் கையிலிருந்தால் சொல்லியே ஆக வேண்டும். மொய்க்காசு கொண்டு போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள். தலைப்பை மட்டுமல்ல, 'பாதுகாப்பு விதிகள்' என்று கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வருவதையும். பொதுவாக, வண்டிக்கான காப்புறுதி வண்டியையும் அதோடு பொருத்தப்பட்டவற்றையும் பார்க்கும். கையில் கொண்டு போகும் சாமான் பயணக் காப்புறுதிக்குள் வரும். அதிலும் நகைக்கென்று ஒரு உச்சவரம்பு இருக்கும். பூட்டிய வண்டியில் இருந்ததா, வெளியே தெரியும்படி இருந்ததா, இரவில் ஆள் இருந்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை இருக்கலாம். நீங்கள் அதற்குள் படுத்து உறங்கினாலும், காப்புறுதிக் கணக்கில் அது வாகனம்தான். சந்தேகம் என்றால் போவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னது பிறகு காற்றோடு போய்விடும்.

கடவுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடாதீர்கள். நோர்வேக் குடியுரிமை உள்ளவர்கள் 2020 முடிவிலிருந்து வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையை எடுத்து வைத்தால் நல்லது. செங்கன் நாடுகளுக்குள் அதைக் கொண்டே பயணம் செய்யலாம். அட்டை உடம்பில், கடவுச்சீட்டு வண்டிக்குள் பூட்டிய பெட்டகத்தில்.

வண்டிக்குள்ளே

ஒளித்து வைப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். அரிசிப் பானைக்குள், தலையணை உறைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால். தெற்காசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரியும். பிரித்தானியாவில் தீபாவளிக் காலத்தில் பொலிசாரே இதைப் பற்றி எச்சரிக்கை விடுவார்கள். அரிசிப் பானை அவன் கை வைக்கும் முதல் இடமாகவும் இருக்கலாம்.

ஒருமுறை ஹம் தேருக்குப் போனபோது என் மாமி தன் இரட்டைப்பட்டுச் சங்கிலியைப் பால்மாப் பேணியில் இருந்த கறித்தூளுக்குள் புதைத்து வைத்திருந்தார். யாருக்கும் சொல்லவில்லை. வண்டிகள் தங்கும் முகாமில் பக்கத்து வண்டியில் டோட்முண்டிலிருந்து வந்த குடும்பம். தூள் முடிந்துவிட்டது என்று அவர்களின் பிள்ளை ஒருத்தி வந்து கேட்க, மாமி கோயிலில் நின்ற நேரம், என் மனைவி பேணியோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். மாமி வந்து பேணியைக் காணாமல் நின்ற நிலையைச் சொல்ல வேண்டாம். கால் மணி நேரத்தில் அந்தப் பிள்ளையே பேணியோடு வந்தாள். சிவந்த விரலில் சங்கிலி தொங்கியது. "அம்மா, நல்ல காலம் அகப்பையில தட்டுப்பட்டுது. இல்லாட்டி கறிக்குள்ள போயிருக்கும்." மாமி அதைத் தேசிக்காய்த் தண்ணீரில் மூன்று தரம் கழுவியும், அன்று பின்னேரம் கழுத்தெல்லாம் எரிந்தது.

ஆகவே இவற்றைச் செய்யக்கூடாது:

ஒளித்த இடத்தை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருப்பது. குறைந்தது இரண்டு பெரியவர்களுக்குத் தெரிய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். அவர்கள் முகாமில் புதிதாகப் பிடித்த சிநேகிதருக்குச் சொல்லிவிடுவார்கள்.

வெளியே எடுத்துப் போகும் சாமானுக்குள் ஒளிப்பது. தூள், சீனி, குப்பைப் பை, அழுக்கு உடுப்பு. உடுப்பு பொதுச் சலவை இயந்திரத்துக்குள் போய்விடும்.

சாமிப் படத்துக்கு முன்னால், மேசை இழுப்பறையில், சாரதிக்கு மேலே உள்ள தட்டில் வைப்பது. உள்ளே வருகிறவன் முதலில் பார்ப்பது அந்த மூன்றையும்தான்.

செய்ய வேண்டியது ஒரு சின்ன இரும்புப் பெட்டகம். இருக்கையின் அடிச்சட்டத்தில் அல்லது வண்டியின் உலோகத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பலகை அலுமாரியில் திருகாணி போட்டுப் பூட்டிய பெட்டகத்தை அலுமாரிப் பலகையோடு சேர்த்தே கழற்றிக்கொண்டு போய்விடலாம். வாடகை வண்டியில் துளை போட முடியாது. அதற்கு, இருக்கைக் காலில் உருக்குக் கயிற்றால் கட்டும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. எடையையும் பாருங்கள். சாதாரண பி வகை உரிமத்தில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அரிசி மூட்டை, தண்ணீர், ஆறு பேர், அதற்கு மேல் 20 கிலோ பெட்டகம் என்று ஏற்றினால் வீதிச் சோதனையில் நிற்க வேண்டி வரும்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ஓடும் பூபீல்களில் பெரும் பகுதி ஃபியாட் டுக்காட்டோ வானின் மேல் கட்டப்பட்டது. அதன் முன்கதவுப் பூட்டை நம்பித் தூங்க முடியாது என்பது இந்த வண்டிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கதை. பக்கக் கதவு இன்னும் லேசானது. ஜன்னலோ அக்ரிலிக் தகடு. மேலதிகப் பூட்டு ஒன்று, வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, வாங்கிப் போடுங்கள். சொந்த வண்டி என்றால் இருப்பிடம் காட்டும் கருவி ஒன்றையும் ஒளித்து வையுங்கள். இரவில் முன்கதவுகள் இரண்டின் கைப்பிடியையும் உள்ளே ஒரு பட்டியால் சேர்த்துக் கட்டலாம். ஆனால் பக்கக் கதவு எப்போதும் உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். நெருப்பென்றால் ஓடுவதற்கு அதுதான் வழி.

ஒஸ்லோவில் நிறுத்தும்போது

ஜூனில் ஒஸ்லோவில் சூரியன் இரவு பத்தரை தாண்டித்தான் மறையும். காலை நான்கு மணிக்கு முன்பே வந்துவிடும். வெளிச்சமாக இருக்கிறதே, யார் வரப் போகிறான் என்ற நினைப்பு எல்லாருக்கும் வரும். வண்டியை உடைக்க இருட்டுத் தேவையில்லை. ஆள் இல்லாத இரண்டு மணி நேரம் போதும். பிக்டோயில் பிராம் கப்பலைப் பார்க்கப் போகிற நேரமும், பிராக்னர் பூங்காவில் சிலைகளோடு படம் எடுக்கிற நேரமும் அப்படிப்பட்ட நேரங்கள்தான். நகரத்துக்குள் போவதென்றால் வண்டியை முகாமில் பூட்டிவிட்டு டிராமிலோ பஸ்ஸிலோ போங்கள்.

எக்கபேர்க் குன்றில் ஏறினால் மூங்க்கின் 'அலறல்' ஓவியத்தின் பின்னணியாகச் சொல்லப்படும் காட்சி கீழே விரியும். அந்த ஓவியத்தின் இரண்டு வடிவங்கள் ஒஸ்லோவில் களவு போனவை. 1994 பெப்ரவரியில் தேசியக் கலைக்கூடத்தில் கள்ளர் ஏணி வைத்து ஏறி, மோசமான காவலுக்கு நன்றி என்று அட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 2004 ஆகஸ்டில் மூங்க் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில், பார்வையாளர்களுக்கு முன்னால் துப்பாக்கி காட்டி எடுத்தார்கள். இரண்டாவது தடவை களவுபோன ஓவியம் சில வாரம் ஒரு பஸ்ஸுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததாக வழக்கில் வெளிவந்தது. 2006 ஆகஸ்டில் மீட்டபோது 'அலறல்' ஈரம் பட்டுப் பழுதாகியிருந்தது. பெறுமதியான பொருளுக்கு வண்டி நல்ல இடமில்லை என்பது கள்ளருக்கும் பொருந்தும் போல.

செய்யக்கூடாதவை சில, வேகமாக: கைப்பை முன்னிருக்கையில், கைபேசி தாங்கியில், வீட்டுச் சாவியும் முகவரி எழுதிய வாகனப் பதிவு அட்டையும் ஒன்றாக. மடிக்கணினியை மேசையில் விட்டுத் திரையை மூடாமல் போவது. காற்றுக்காக ஜன்னலை ஒரு கொளுக்கியில் விட்டுப் போவது. தேருக்கு முன்னால் குடும்பமாக நின்று படம் எடுத்து அப்போதே ஸ்டேட்டஸில் போடுவது; ஒஸ்லோ அமரூட்டில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் அறிவிக்க முடியாது. படத்தைத் திரும்பி வந்து போடுங்கள், லைக் குறையாது.

கப்பலும் நெடுஞ்சாலையும்

ஒஸ்லோவிலிருந்து கீல் போகும் கப்பல் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் சேரும். இடையில் வண்டித் தளத்துக்கு இறங்க முடியாது. நகை, மருந்து, கடவுச்சீட்டு, பிள்ளையின் பால்மா எல்லாவற்றையும் கைப்பைகளில் போட்டு அறைக்கு எடுத்துப் போங்கள். எரிவாயுக் குழாயை மூட மறக்க வேண்டாம்.

ஜெர்மனிக்குள் இறங்கிய பிறகு, காசு மிச்சம் பிடிக்கவென்று நெடுஞ்சாலை எரிபொருள் நிலையத்தில் இரவு தூங்காதீர்கள். வேலி போட்ட முகாமுக்குக் கொடுக்கும் சில யூரோ வீணாகாது. உங்கள் டயரில் காற்றில்லை என்று சைகை காட்டுகிறவரை நம்பி, கதவைத் திறந்தபடி எல்லாரும் பின்னால் ஓட வேண்டாம். ஒருவர் இறங்கட்டும், மற்றவர் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கட்டும். படுக்குமுன் சுழற்றிய சாரதி இருக்கையை முன்பக்கம் திருப்பி, சாவியை எட்டும் இடத்தில் வைத்தால், அரைகுறைத் தூக்கத்திலும் கிளம்பிவிடலாம்.

வண்டிக்குள் மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்ற கதை ஒவ்வொரு கோடையும் சுற்றி வரும். லண்டனில் உள்ள மயக்க மருந்து மருத்துவர்களின் அரச கல்லூரி இதைத் திட்டவட்டமாக மறுத்திருக்கிறது. தூக்கத்திலேயே ஆளை மயக்குமளவு வாயுவை யாரும் அறியாமல் ஒரு வண்டிக்குள் செலுத்த முடியாது. மயக்க வாயுவுக்குக் கருவி வாங்க நினைத்த காசில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வாங்குங்கள். உயிரை எடுக்கக்கூடிய வாயு அதுதான்.

களவு போனால்

கள்ளன் உள்ளே இருக்கிறான் என்று தோன்றினால் கிட்டப் போகாதீர்கள். நோர்வேயில் 112 அடியுங்கள். அவன் போய்விட்டான் என்றால் 02800. எதையும் துடைக்காமல், அடுக்காமல், முதலில் படம் எடுங்கள். உடைத்த அடையாளம் இல்லாத களவைக் காப்புறுதிக்காரர் லேசில் ஏற்கமாட்டார். முறைப்பாட்டைப் பொலிஸ் இணையத்தளத்திலும் பதியலாம். வேறு நாட்டில் நடந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் நிலையத்தில் எழுதி, துண்டு வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். கைபேசி போயிருந்தால் அழுவதற்கு முன் வங்கி அட்டையையும், வங்கிக் கணக்குக்குள் நுழையும் மின் அடையாளமான பேங்க் ஐடியையும் முடக்குங்கள். சங்கிலியில் இருப்பது அந்தச் சங்கிலியின் பவுண் மட்டும். பேங்க் ஐடிக்குள் முழுக் கணக்கும் இருக்கிறது. காப்புறுதி மறுத்தால் முறையிட நிதிச் சேவைகளுக்கான முறைப்பாட்டுச் சபை ஒன்று ஒஸ்லோவில் உண்டு. அங்கே கேட்கப் போவதும் அந்தப் படங்களையும் கன்னாதிட்டித் துண்டையும்தான்.

மாமி இந்த வருடமும் ஹம்முக்கு வருகிறார். சங்கிலி பெட்டகத்தில் இருக்கும் என்று சம்மதித்திருக்கிறார். கறித்தூள் பேணியை மட்டும் இனி யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாதாம்.