அரிவாள்மனையைப் பரணில் போட்ட அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. காய் நறுக்க அரிவாள்மனையில் உட்கார்ந்தால், ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்று தோன்றுகிறது. அந்தக் காட்சியே கண்முன் ஓடுகிறது, கைகால் நடுங்கிவிடுகிறது. அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். குழந்தையைக் குளிப்பாட்ட மாமியாரைக் கூப்பிடுகிறேன். “நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?” என்று கணவரிடம் ஓயாமல் கேட்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? நான் கொலைகாரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கொலை செய்ய நினைப்பவர் அரிவாள்மனையைப் பரணில் ஒளித்துவைக்க மாட்டார், அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தால் ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய் என்றுதான் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இது தலைகாட்டுவது புதிதல்ல. வெளியே சொல்லத்தான் பலரும் பயப்படுகிறார்கள்.

லண்டனில் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டி சில்வா இலங்கையிலிருந்து போனவர். நோய் எதுவும் இல்லாத 124 பேரிடம், வேண்டாத எண்ணங்கள் திடீரென்று வந்து போவதுண்டா என்று கேட்டார்கள். சுமார் 80 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். ரயில் வரும்போது தண்டவாளத்தில் குதித்துவிடலாமா, யாரையாவது தாக்கிவிடுவோமோ, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ... நோயாளிகளின் எண்ணங்களும் ஏறக்குறைய இவையேதான். 2014-இல் 13 நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த மூன்று மாதத்தில் இப்படி ஓர் எண்ணமாவது வந்தது என்றவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல்.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? பின்னாளில் கனடாவுக்குப் போன ராக்மன், 1997-இல் இதற்கு விடை எழுதினார். ‘என்ன அசட்டு நினைப்பு’ என்று பெரும்பாலோர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் ‘இப்படித் தோன்றுகிறதே, அப்படியானால் நான் எப்பேர்ப்பட்டவள்’ என்று அந்த எண்ணத்துக்குப் பொருள் கொடுக்கிறார்கள். நினைத்தாலே செய்தது மாதிரி, நினைத்தால் நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். அவர் கவனித்த இன்னொன்று, மனச்சாட்சி மிகுந்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். கெட்டதை நினைப்பதே பாவம் என்று சொல்லி வளர்க்கும் நம் வீடுகளை நினைத்தால் எனக்கு இதில் வியப்பில்லை.

பரணில் போட்டதும், மாமியாரைக் கூப்பிடுவதும், கணவரிடம் கேட்பதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் ‘அதனால்தான் குழந்தை தப்பித்தது’ என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். பயம் மறுபடி வரும், கூடுதலாகவே வரும். கை கழுவிக்கொண்டே இருப்பவருக்குக் கழுவுவது எப்படியோ, உங்களுக்குக் கணவரிடம் கேட்கும் கேள்வி அப்படி.

பயத்தை எதிர்கொள்வது, தப்பிக்கும் சடங்கை நிறுத்துவது என்ற சிகிச்சைக்கு விக்டர் மேயர் லண்டனில் 1966-இல் வழிகாட்டினார். இன்றும் ஓ.சி.டி.க்கு முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று அதுதான். உளவியலாளர் முதலில் அரிவாள்மனையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்வார். பிறகு அடுக்களையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்போது கத்தரிக்காய் நறுக்க வேண்டும். பதற்றம் ஏறும், எழுந்து ஓடாமல் இருந்தால் மெல்ல இறங்கும். நீங்கள் கேட்கும்போது கணவர், “இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, வா, சமையலைப் பார்ப்போம்” என்று சொல்லப் பழக வேண்டும். கல்நெஞ்சம்போலத் தெரியும், ஆனால் உதவி அதுதான். மருந்தும் உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரக்கூடியவையும் இருக்கின்றன. எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. காதில் குரல் கேட்டாலோ, குழந்தையை ஏதோ தீய சக்தி பிடித்திருக்கிறது என்று உறுதியாகத் தோன்றினாலோ, தூக்கமே இல்லாமல் பேச்சும் நடத்தையும் மாறினாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது வேறு விஷயம், அவசரமானது.

அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டாக்டரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், எனக்கு எழுதிய இதே கடிதத்தை அவர் கையில் கொடுங்கள், போதும்.