அட்டைக் கட்டணம் யாருடைய செலவு?

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தோர் மளிகைச் சாமான்களைப் பெரும்பாலும் கடனுக்கே வாங்கினர். கடைக்காரர் '555' எனும் சிறிய புத்தகத்தில் கணக்கெழுதி வைப்பார். சம்பள நாளில் கடன் அடையும். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவில் வங்கி அட்டையால் பொருள் வாங்குகின்றனர். ஆனால், சில கடைகளின் முகப்பில் "அட்டைக்கு 2 விழுக்காடு கூடுதல்" என்ற அறிவிப்பு தொங்குகிறது.

தீபாவளிக்கு லகாட் சாலையில் ஒருவர் 300 ரிங்கிட்டுக்குத் துணி எடுக்கிறார் என்று கொள்வோம். அந்த 2 விழுக்காடு 6 ரிங்கிட் ஆகும். அதை அவர் கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை அட்டை பயன்படுத்தப்படும்போதும், தமக்கு அட்டை இயந்திரம் வழங்கிய வங்கிக்கு வணிகர் ஒரு சிறு கட்டணம் செலுத்துகிறார். அதில் ஒரு பகுதி, வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. கடை வாடகை, மின்கட்டணம் போல இதுவும் வணிகச் செலவே. வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலேசிய வணிகர் அதனை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ரொக்கமாகச் செலுத்துவோருக்குக் கழிவு தரலாம். இரண்டும் ஒன்றுதானே எனத் தோன்றலாம். கழிவு தரும் கடையில், விலைப்பட்டியில் உள்ளதைவிட எவரும் அதிகம் கொடுப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

சிறு வணிகரின் குறையையும் புறந்தள்ள இயலாது. குறைந்த இலாபத்தில் அரிசி, பருப்பு விற்பவருக்கு ஒரு விழுக்காடும் பெரிதே. இதனாலேயே, வங்கிகளுக்கிடையே கைமாறும் கட்டணத்திற்குப் பேங்க் நெகாரா மலேசியா 2015 ஜூலை 1 முதல் உச்சவரம்பு விதித்தது. பற்று அட்டைக்குரிய வரம்பு கடன் அட்டையினதைவிடக் குறைவு. ஆகவே, பற்று அட்டைக்கும் அதே 2 விழுக்காடு கேட்பது சற்றும் பொருந்தாது.

பிற நாடுகளின் வழிகள் வேறு. பிரிட்டன் 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் அட்டைகளுக்கான கூடுதல் கட்டணத்தைச் சட்டத்தால் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் 2016ஆம் ஆண்டு விதிகளோ, வணிகருக்கு உண்மையில் ஆகும் செலவளவுக்கு மட்டும் அனுமதித்தன.

முகப்பில் கூடுதல் தொகை கேட்கப்பட்டால், அட்டையை நீட்டுமுன் காரணத்தைப் பணிவாகக் கேட்கலாம். வேண்டாமென்று பொருளைத் திருப்பியும் வைக்கலாம். செலுத்திவிட்டால் ரசீதைப் பத்திரப்படுத்தி, கடையின் பெயர், நாள், தொகை ஆகியவற்றோடு தம் அட்டையை வழங்கிய வங்கியிடம் புகார் செய்யலாம். ரசீதில் அந்த 6 ரிங்கிட் தனியாகக் காட்டப்படாவிட்டால், விலைப்பட்டியையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.