முதன்முறை பாதமலை ஏறப் போகிறவர்களுக்கு

கூலாயிலிருந்து இந்தத் தடவை பதினொரு பேர் இலங்கைக்குப் புறப்படுகிறீர்கள். எட்டுப் பேருக்கு இதுதான் முதல் ஏற்றம். ஆறு முறை ஏறி இறங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. டிசம்பர்ப் போயா (பௌர்ணமி) முதல் மே மாத வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் மழையும் அட்டையும்தான், வழியில் விளக்கும் இருக்காது. ஜொகூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை கிடைக்கிறதே என்று அன்றைக்குப் போகாதீர்கள். அன்றோ அதையொட்டியோ அங்கே போயா வரும். படிகளில் நிற்கவும் இடம் கிடைக்காது.

2. மலை 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து ஏறினால் 5,000 படிகளுக்கு மேல். நம் குனோங் பூலாய் 654 மீட்டர்தான். ஒரு மாதமாவது வாராவாரம் அங்கே ஏறிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். முதல் முறை எனக்கு மூச்சு தாங்கியது, முழங்கால் தாங்கவில்லை. கடைசி ஆயிரம் படியைப் பக்கவாட்டில் நண்டு போல இறங்கினேன்.

3. நமக்கு அது சிவனொளிபாதம். பௌத்தர்களுக்குப் புத்தர் பதித்த பாதம், சமன் தெய்வத்தின் மலை. முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் அடி. இப்னு பதூதா 1344லேயே ஏறியிருக்கிறார். பாதத்துக்கு முன்னால் போய் வாதம் வேண்டாம். கும்பிட்டு நகருங்கள்.

4. பையில் ஓர் ஊசியும் வெள்ளை நூல்கண்டும் இருக்கட்டும். சீதகங்குல ஓடையில் முகம் கழுவி மேலே போனால் இந்திகட்டுபான வரும். புத்தர் கிழிந்த சீவரத்தைத் தைத்துக்கொண்ட இடம் என்பது ஐதீகம். யாத்திரிகர்கள் அங்கே ஊசி நூல் வைப்பார்கள். ஒருமுறை வெள்ளைச் சேலை கட்டிய கிழவி ஒருவர், செருப்பில்லாத காலோடு, ஊசியில் நூல் கோக்க முடியாமல் விளக்கடியில் நின்றார். கை நடுக்கம். நான் கோத்துக் கொடுத்தேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. "சரி ஆச்சி" என்றேன். உடனே சிரித்துவிட்டார். பாட்டிக்கு அவர்கள் மொழியிலும் ஆச்சிதான். அவரைப் போன்றவர்கள் முன்னால் மெதுவாகப் போனால் முந்தாதீர்கள். எதிரே இறங்குகிறவர்கள் "கருணாவயி" என்பார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள்.

5. அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் சூரியன் உதிக்கும் முன் உச்சிக்குப் போய்விடலாம். வியர்த்த சட்டையோடு நின்றால் குளிர் எலும்பைப் பிடிக்கும். மாற்றுச் சட்டை, காலுறை, காதை மூடும் குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே செருப்பைக் கழற்றியாக வேண்டும்.

6. எல்லோரும் கிழக்கையே பார்ப்பார்கள். நீங்கள் வெயில் ஏறத் தொடங்கியதும் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்து கிடக்கும், கொஞ்ச நேரம்தான்.

7. உச்சியில் மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறினீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். உங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே ஓர் அடி.