பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வடிந்தால்

விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மூக்கால் இரத்தம் வடிய ஓடி வருகிறது. உடனே தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்கிறோம், அல்லது பாயில் மல்லாக்கக் கிடத்துகிறோம். இரத்தம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. ஆனால் நிற்கவில்லை, தொண்டைக்குள் இறங்குகிறது. அதை விழுங்கிய பிள்ளை பின்னர் இரத்தமாகச் சத்தி எடுக்கும், வீடே கலங்கிவிடும்.

சிறுவர்களுக்குப் பெரும்பாலும் இரத்தம் வருவது மூக்கின் முன்பகுதியில், நடுச்சுவரிலுள்ள மெல்லிய நாளங்களிலிருந்தே. ஆகவே விரலால் அழுத்தி நிறுத்த முடியும். பிள்ளையை மடியில் இருத்தி, தலையைச் சற்று முன்னே குனியவிட்டு, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் இறுகப் பொத்திப் பிடியுங்கள். மேலேயுள்ள எலும்பைப் பிடிப்பதால் பயனில்லை. பிள்ளை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்குள் வரும் இரத்தத்தைத் துப்பட்டும். 10 நிமிடம் கையை எடுக்கக்கூடாது. மணிக்கூடு இல்லையா? அறுபது வரை ஆறுதலாகப் பத்துத் தடவை எண்ணுங்கள். நின்றுவிட்டதோ என்று இடையில் திறந்து பார்ப்பதுதான் அநேகர் விடும் பிழை. அம்மம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டால் போடட்டும், தீங்கில்லை. மூக்கைப் பிடித்த கை மட்டும் விடக்கூடாது. நிற்காவிட்டால் இன்னும் 10 நிமிடம்.

அதன் பின்னும் வடிந்தால், தலையில் அடிபட்டு வந்தால், பிள்ளைக்கு 2 வயது நிரம்பாவிட்டால், தூரமென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம்; அன்றே காட்டுங்கள், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தால் மாத்திரம் நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கக்கூடும். நீங்கள் கிண்டி எடுக்க முயலாதீர்கள்.

சோளகம் புழுதியோடு வீசும் மாதங்களில், தறப்பாள் கொட்டிலுக்குள் மூக்குக் காய்ந்து பொருக்குக் கட்டும், பிள்ளை நோண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.