கறவை ஊசியும் ஹார்மோன் சோதனையும்

கருவடிக்குப்பத்தில் பால் அங்கத்தினர்களுடன் நாம் உரையாடுகையில் முதியவர் ஒருவர், "ஐயா, ஊசி போட்டுக் கறந்தால் அது பால் சோதனையில் அகப்படுமா?" என வினவினார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மீது அவ்வாறு ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஒருவருடைய பாலைச் சங்கம் மறுக்க வேண்டுமாயின் அத்தாட்சி வேண்டாமா?

சங்கங்களில் நாள்தோறும் நடைபெறும் சோதனை கொழுப்பையும் இதர சத்தையும் காட்டுமேயன்றி ஹார்மோனைக் காட்டாது. மேலும், கன்று முட்டும்போது மாட்டின் மூளையிலிருந்தே ஆக்சிடோசின் சுரந்து, மடியில் ஏற்கெனவே ஊறிய பாலை இறக்குகிறது. ஊசியில் உள்ளதும் அப்பொருளே. இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆகவே பாலைக் கொண்டு குற்றத்தை நிறுவுதல் அரிது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ, பால் பெருக்குவதற்காக மாட்டுக்குக் கேடான ஊசி போடும் செய்கையையே தண்டிக்கிறது. அபராதம் 1000 ரூபாய் வரை. சிறை 2 ஆண்டு வரை. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

ஸ்டீராய்டு ஹார்மோன்களில் சிக்கல் வேறு வகையானது. 1980-இல் இத்தாலியில் கன்றிறைச்சி சேர்ந்த குழந்தை உணவில் ஸ்டில்பெஸ்ட்ரால் காணப்பட்டது. அது எம்மாட்டின் உடலிலும் இயற்கையாக உண்டாவதன்று. ஆதலின் இருப்பதே அத்தாட்சி. டெஸ்டோஸ்டிரோனோ காளையின் உடலிலேயே ஊறுவது. அதனைப் பிரித்தறிய அதிலுள்ள கரிமத்தைச் சோதிக்கின்றனர். மருந்துச் சாலையினர் பெரும்பாலும் சோயா முதலியவற்றின் சத்திலிருந்து அதனைச் செய்வதால், கனத்த கரிமத்தின் விகிதம் குறைந்திருக்கும். சோளத்தட்டை தின்ற மாட்டில் இவ்வேற்றுமை நன்கு புலப்படும். ஊசி மருந்துக்கே உரிய செயற்கை எஸ்டர் மாட்டின் மயிரில் அகப்படின் மறுக்க வழியில்லை.

பாலில் ஹார்மோன் உண்டு என்றதுமே கள்ளத்தனம் என்பது அறியாமை. சினைப் பசுவின் பாலில் புரோஜெஸ்டிரோன் மிகுந்திருக்கும். சினை ஊசி போட்டு 21 நாள் அளவில் அது குறைந்திருப்பின் பசு சினையில்லை எனக் கொள்ளலாம்.

முதியவருடன் அப்பக்கத்து வீட்டிற்குச் சென்றோம். தொழுவத்து மாடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத சிறு குப்பி ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஒளிக்கவில்லை. "கன்று செத்துப்போச்சுங்க, மாடு பாலை அடக்கிக்குது" என்றார். ஊசியை விடுத்து, வெந்நீர்த் துணியால் மடியை ஒற்றித் தடவவும், கறக்கும்போது தவிடு வைக்கவும், தினமும் ஒரே நேரத்தில் ஒருவரே கறக்கவும் சொல்லி வந்தோம். மறுமாதம் கண்டபோது, முதல் வாரம் பால் குறைந்ததாகக் குறைபட்டுக்கொண்டார். சங்கப் புத்தகமும் அதையே காட்டிற்று. மூன்றாம் வாரத்தில் பெரும்பகுதி மீண்டிருந்தது.