சாக்குக்குள் துவக்கு, முன்னால் பொலிஸ்: நாமாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மடுல்சீமைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் ஒரு மரக்கறித் தோட்டமும் இருக்கின்றன. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் அப்பா தன் பெயரில் லைசன்ஸ் எடுத்து ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். அது இப்போது பழுது. பதுளைக்குக் கொண்டுபோய்த் திருத்த வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் ஆட்டோ ஓட்டுவதால், சாக்கில் சுற்றி என்னையே கொண்டுபோகச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், "அங்கே பிஸ்டலை இடுப்பில் மறைத்து வைத்திருப்பவர்கள் பொலிஸ் மறித்தால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்" என்கிறார். இங்கேயும் அப்படிச் சட்டம் உண்டா? கேட்காமலே சொன்னால் வம்பை விலை கொடுத்து வாங்கியதாகிவிடாதா?
(பெயர் வேண்டாம், மடுல்சீமை)

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லாமல் அந்தத் துவக்கை உங்கள் ஆட்டோவில் ஏற்றாதீர்கள். அப்பாவும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமும் வண்டியில் இருந்தால், பொலிஸார் மறித்ததும் அவர்கள் தேடத் தொடங்குவதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். சொல்வதால் வம்பு வராது. சொன்னதை நிரூபிக்க ஆளும் தாளும் இல்லாவிட்டால்தான் வம்பு.

இனி காரணங்கள்.

நம் நாட்டில் துப்பாக்கி விவகாரங்களை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று இலேசாக நினைத்துவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தன்னியக்கத் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். உங்கள் வீட்டு ஒற்றைக்குழல் அந்த வகையில் சேராது. ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலும் அது குற்றமே. துப்பாக்கியோடு இருப்பவரிடம் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் அதிகாரமும் பொலிஸாருக்கு உண்டு.

வண்டியை மறித்தவுடன் "என்னிடம் துவக்கு இருக்கிறது" என்று சாரதி தானாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்காவில் சில மாநிலங்களின் ஏற்பாடு. மச்சான் சொல்வது அந்த நாட்டுக்கே முழுக்கப் பொருந்தாது. மிச்சிகனில் உடனே சொல்ல வேண்டும். டெக்சாஸில் அடையாள அட்டையைக் கேட்டால் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மினசோட்டாவில் பொலிஸ் கேட்டால் சொன்னால் போதும். அங்கே சாதாரணக் குடிமக்கள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுவது பரவலாக அனுமதிக்கப்பட்டிருப்பதால் இப்படி ஒரு விதி தேவைப்பட்டது.

இங்கே நிலைமை வேறு. தற்பாதுகாப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் அனுமதியைப் பாதுகாப்பு அமைச்சு தேவை பார்த்து ஒரு சிலருக்குத்தான் கொடுக்கிறது. கொடுத்ததும் நிலையான உரிமை ஆகிவிடாது. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது நினைவிருக்கும். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துப்பாக்கி அனுமதி. கிராம உத்தியோகத்தர், பொலிஸ் என்று பலர் பார்த்து அறிக்கை கொடுத்து, மாவட்டச் செயலகம் வழியாக வரும் அனுமதி அது.

"இங்கே அப்படி விதி இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு போகலாமே" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதற்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைப் பாருங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தைத் தருவது அதன் 32ஆம் பிரிவு. அந்த அதிகாரம் தங்கியிருப்பது "நியாயமான சந்தேகம்" என்ற ஒன்றில்தான். ஆட்டோவின் பின் ஆசனத்தில் சாக்கு மூட்டை, அதற்குள் துவக்கு, சாரதியோ மூச்சு விடவில்லை என்றால் அந்தச் சந்தேகத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்தவர் ஆகிறீர்கள். பசறை, லுணுகலைப் பக்கம் அனுமதியில்லாத கட்டுத்துவக்குகளைத் தேடித் திரியும் பொலிஸாருக்கு உங்கள் சாக்கும் முதலில் அப்படித்தான் தெரியும். நாமாகச் சொல்லி, தாளை நீட்டி, இலக்கத்தை ஒப்பிட்டுக் காட்டினால் சந்தேகத்துக்கு இடம் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் சிக்கலான பகுதி. லைசன்ஸ் அப்பாவின் பெயரில். துவக்கு உங்கள் கையில். அனுமதி ஆளுக்கு, வீட்டுக்கோ குடும்பத்துக்கோ அல்ல. அப்பாவின் அனுமதிப்பத்திரத்தை நீங்கள் நீட்டினால், அது துவக்கு அவருடையது என்பதைக் காட்டும். அதை நீங்கள் வைத்திருக்க அனுமதி உண்டு என்பதைக் காட்டாது. ஆகவே முழங்கால் வலியானாலும் அப்பா ஆட்டோவில் ஏறத்தான் வேண்டும். அவரால் முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அல்லது மடுல்சீமைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் போய் நிலைமையைச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அப்பாவோடு போவதானாலும், புறப்படுவதற்கு முன் அங்கே சொல்லி ஒரு பதிவு போட்டுவிடுவது நல்லது.

இந்த வேளையில் இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, திகதி. அனுமதி ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத பத்திரத்தோடு வீதிக்கு வராதீர்கள். முதலில் மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். இரண்டாவது, துவக்கில் பொறித்திருக்கும் இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று வீட்டிலேயே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, திருத்துபவர். துப்பாக்கி திருத்தவும் அனுமதி வேண்டும். மண்வெட்டிக்குப் பிடி போடும் பட்டறையில் கொடுத்தால் திருத்தியவரும் மாட்டுவார், கொடுத்தவரும் மாட்டுவார்.

வண்டியில் ஏற்றும்போது குழலை முறித்துத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். திருத்தப் போகும் துவக்குக்குத் தோட்டா தேவையில்லை. அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். சாக்கு வேண்டாம், உறையில் போட்டுப் பின்னால் வையுங்கள். அனுமதிப்பத்திரம் துவக்கு உறைக்குள் இருக்கக் கூடாது; அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். ஏன் என்பது அடுத்த பந்தியில் புரியும்.

பொலிஸார் கையைக் காட்டினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். இரண்டு கைகளும் ஹேண்டிலில் தெரியும்படி இருக்கட்டும். அப்பாவின் கைகள் மடியில். சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "சேர், அப்பாவின் பேரில் லைசன்ஸ் உள்ள வேட்டைத் துவக்கு ஒன்று பின்னால் இருக்கிறது. தோட்டா இல்லை. லைசன்ஸ் அவர் பையில் இருக்கிறது, எடுக்கலாமா?" சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால், "சேர், வாஹனே லைசன் தியென துவக்குவக் தியெனவா" என்றால் விளங்கிவிடும். "லைசன்ஸ்" என்ற சொல் "துவக்கு" என்ற சொல்லுக்கு முன்னால் வரட்டும். அவர் சொல்லும் வரை உறையைத் தொடாதீர்கள். காட்டுவதற்காகக்கூட எடுக்காதீர்கள். மடுல்சீமை மலைப் பாதையில் பனி மூடிய நேரம், மங்கலான வெளிச்சத்தில் ஒரு கை உறைக்குள் போனால், அது தாளை எடுக்கப் போகிறதா வேறொன்றையா என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

சொன்னாலே போதும் என்பதில்லை, எப்படிச் சொல்கிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. 2016 ஜூலை 6ஆம் திகதி மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவரின் காரைப் பொலிஸ் நிறுத்தியது. துப்பாக்கி அனுமதி பெற்றிருந்த அவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத் தானே சொன்னார். சொல்லிச் சில விநாடிகளில், அவர் துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று நினைத்த அதிகாரி ஏழு தடவை சுட்டார். காஸ்டீல் இறந்தார். 2017 ஜூனில் ஜூரிகள் அந்த அதிகாரியை விடுதலை செய்தார்கள். காஸ்டீல் செய்ததில் சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஆயுதம் பற்றிய பேச்சு வந்த பிறகு, அனுமதி கேட்காமல் கை எங்கும் போகக் கூடாது.

நீங்கள் சொன்ன பிறகு பொலிஸார் பத்திரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். சரிபார்க்க நிலையத்துக்கு வரச் சொன்னால் போங்கள். வீதியில் நின்று சட்டம் பேச வேண்டாம். துவக்கை அவர்கள் வைத்துக்கொண்டால், இலக்கத்தோடு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள். அனுமதிப்பத்திரத்தின் படம் ஒன்று முன்கூட்டியே உங்கள் போனில் இருக்கட்டும்.

கைது என்று வந்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை தரும் உரிமை. பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, உங்கள் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களுக்காகப் பேசலாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதற்காக எழுதியதையெல்லாம் படிக்காமல் ஒப்பமிட்டுவிடாதீர்கள். அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

அடித்தார்கள், காரணமில்லாமல் மறித்து வைத்தார்கள் என்றால் காலம் கடத்தாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் பதுளையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தை நாடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. துவக்கோடு ஒரு சொட்டுச் சாராயமும் வேண்டாம், ஒரு துண்டு வேட்டை இறைச்சியும் வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டினால் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் தனி வழக்கு. மான், மரை இறைச்சி இருந்தால் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வேறொரு வழக்கு. பயிரைக் காக்கத் தந்த அனுமதி வேட்டைக்குப் பயன்பட்டது என்று பொலிஸார் எழுதிவிட்டால், அடுத்த வருடம் அந்த அனுமதியைப் புதுப்பிப்பதே பெரும் பாடாகிவிடும். அப்புறம் பன்றிக்குக் காவல் இருக்க உங்கள் கையில் தகர டின்தான் மிஞ்சும்.